சாரதியில்லாக் கோச்சியைத் தேடி மட்டக்களப்புக்கு

செவ்வாய், கோட்டையிலிருந்து மட்டக்களப்பு

சாரதி இல்லாமல் ஓடும் மெட்ரோ ரயில்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "அப்ப டுபாய்க்கா, சிங்கப்பூருக்கா?" என்று கேட்டார்கள். மட்டக்களப்புக்கு என்றேன். காரணம் இருக்கிறது. டுபாயில் 2009 செப்டெம்பர் 9ஆம் திகதியிலிருந்தும், கட்டாரில் 2019 மே மாதத்திலிருந்தும், ரியாத்தில் 2024 டிசம்பர் 1ஆம் திகதியிலிருந்தும் சாரதியில்லா மெட்ரோ ஓடுகிறது. அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இலங்கையில் மெட்ரோவே கிடையாது. கோட்டைக்கும் மாலபேக்கும் இடையில் வரவிருந்த இலகு ரயில் திட்டமும் 2020 இல் கைவிடப்பட்டது. ஆனால் அந்த ரயில்களைத் துடைத்தவர்களும், அவற்றின் தண்டவாளத்தில் இரவிரவாக நின்றவர்களும் இந்தக் கரையோரத்துக்காரர். அவர்களிடம் கேட்டு எழுதினால்தான் சரி என்று பட்டது.

மாகோவில் வடக்குப் பாதையை விட்டுக் கிழக்கே திரும்பிய பின் ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் ஏதாவதொரு நிலையத்தில் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். வெலிக்கந்தையில் வண்டி நின்றபோது எட்டிப் பார்த்தேன். நிலையத்து ஆள் ஒருவர் பிரம்பு வளையம் ஒன்றைக் கொண்டுபோய் என்ஜினில் கொடுத்துவிட்டு, இன்னொரு வளையத்தை வாங்கிக்கொண்டு வந்தார். வளையத்தில் ஒரு தோல் பை. அதற்குள் வட்டமான உலோகத் தகடு. அதுதான் டேப்லட். அடுத்த நிலையம் வரையான பாதை இப்போது உன்னுடையது என்பதற்கு அத்தாட்சி. இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொன்றை எடுக்கவே முடியாது. 1874 இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் யோசித்துச் செய்த முறை இது. காப்புரிமை 1878 இல் வந்தது.

இந்த வளையத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், சாரதியில்லா மெட்ரோவுக்கும் அடிப்படைக் கேள்வி இதுதான்: இந்தத் துண்டுப் பாதை இந்த நிமிடம் யாருடையது? அங்கே துண்டு நிலையத்துக்கு நிலையம் நிற்பதில்லை, ரயிலோடு சேர்ந்து நகருகிறது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்ற கணக்கையும், தண்டவாளத்தில் பதித்த அடையாளக் கருவிகளையும் வைத்து ரயில் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அதை ரேடியோவில் சொல்லிக்கொண்டே ஓடுகிறது. பாதையோரக் கணினி "இந்த இடம் மட்டும் வரலாம்" என்று திரும்பத் திரும்ப அனுமதி கொடுக்கிறது. அந்தப் பேச்சு அறுந்தால் ரயில் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும்.

எனக்கு எதிர் இருக்கையில், டேப் சுற்றிய அட்டைப் பெட்டிகளோடு வாழைச்சேனைத் தம்பி ஒருவர். விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறார். கட்டாரில் 2022 உலகக் கிண்ணக் காலத்தில் முஷெய்ரிப் நிலையத்தில் கூட்டத்தை வழிப்படுத்தும் வேலை. மூன்று மெட்ரோப் பாதைகளும் சந்திக்கும் இடம் அது. "ரயிலை ஓட்ட ஆளில்ல அண்ணன். ஆனா சனத்தை ஓட்டுறதுக்கு நாங்க எத்தனை பேர் நிண்டம் தெரியுமா?" என்றார். ஆட்டம் முடிந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் படியிறங்கும்போது கயிறு கட்டி, பகுதி பகுதியாக நிறுத்தி அனுப்புவார்களாம். நடைமேடை நிரம்பிவிட்டதா இல்லையா என்று மேலே நிற்பவருக்குக் கீழே நிற்பவர் கை காட்டுவது முக்கியமான வேலை.

உலகத்திலேயே டுபாய்தான் இதில் முதல் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஜப்பானின் கோபே நகரில் 1981 இலேயே சாரதியில்லா ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, பிரான்சின் லீல் நகர மெட்ரோ 1983 இல் வந்தது என்றேன். "அப்ப நான் பொறக்கிறதுக்கு முந்தியே" என்று சிரித்தார்.

புதன், காத்தான்குடி

கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். நான் தேடிப்போன காக்காவின் வீடு வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. முதலில் கட்டட வேலைக்குத்தான் டுபாய் போனார். ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒன்று, அங்கே போய்க் கையெழுத்துப் போட்ட சம்பளம் வேறொன்று. அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை. பிறகு மெட்ரோ இரவுப் பராமரிப்புக்கு ஆள் எடுத்த ஒரு கொந்தராத்துக் குழுவில் சேர்ந்திருக்கிறார்.

"பகல்ல மெட்ரோவப் பாக்கிற ஆக்களுக்கு ஒண்டும் விளங்காது தம்பி. அது ராவையில நடக்கிற வேல" என்றார். கடைசி ரயில் போனதிலிருந்து விடியல் ரயில் புறப்படும் வரை சில மணித்தியாலங்கள்தான் கிடைக்கும். அதற்குள் கட்டுப்பாட்டு அறையிடம் ரேடியோவில் அனுமதி வாங்கி, மின்சாரத்தை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆட்கள் தண்டவாளத்தில் இறங்கலாம். டுபாயில் மின்சாரம் மேலே கம்பியில் வருவதில்லை. பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட். காலால் தொடும் உயரம். கொண்டுபோகும் ஸ்பனர், டோர்ச் எல்லாம் எண்ணி எழுதப்படும். வெளியே வரும்போது மறுபடி எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் எல்லோரும் திரும்பிப்போய்த் தேட வேண்டும். ஏனென்றால் விடியப் போகும் ரயிலில், தண்டவாளத்தில் கிடக்கும் ஸ்பனரைக் கண்டு பிரேக் பிடிக்க ஆள் இருக்கப்போவதில்லை.

அவருடைய வேலை பெரும்பாலும் நடைமேடைக் கதவுகள். நடைமேடை ஓரத்தில் கண்ணாடிச் சுவர், அதில் கதவுகள். ரயில் கதவுக்கு நேரே வந்து நின்றால்தான் இரண்டும் சேர்ந்து திறக்கும். அந்தக் கதவு ஓடும் தவாளிப்பில் மணல், நகத்துண்டு, முத்திரை அளவு பிளாஸ்டிக், சிறுவர்களின் மிட்டாய்க் குச்சி. மெல்லிய பிரஷால் தட்டி, உறிஞ்சி எடுத்து, துணியால் துடைக்க வேண்டும்.

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய் முன் ஜன்னலின் அலுமினியத் தவாளிப்பில், தட்டில் கிடந்த பேரீச்சங்கொட்டை ஒன்றை வைத்து, கண்ணாடியை இழுத்தார். கண்ணாடி வந்து கொட்டையில் இடித்து, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நின்றது. "இப்ப பாருங்க. இந்தக் கதவு பூட்டல்ல எண்டு கம்பியூட்டருக்குப் போவுது. பூட்டாத கதவோட ரயில் எடுபடாது. மறுகா திறந்து மறுகா பூட்டிப் பாக்கும். அப்பவும் இல்லாட்டி பின்னால வாற ரயிலும் நிக்கும், அதுக்குப் பின்னால வாறதும் நிக்கும். ஒரு கொட்டைக்கு." கொட்டையை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தார். சத்தமில்லாமல் மூடியது.

சாரதி உள்ள ரயிலில் இந்தக் கதவை ஒரு மனிதர் திரும்பிப் பார்த்துத் தீர்மானிப்பார். இங்கே அந்தப் பார்வை பிரஷ் பிடிப்பவர், கதவின் உணர்கருவி, கட்டுப்பாட்டு அறையில் கேமராத் திரைகளுக்கு முன் இருப்பவர், நிலையத்தில் நடந்து திரியும் ஊழியர் என்று பல இடத்துக்குப் பிரிந்து போயிருக்கிறது. செய்திகளில் வரும் படமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியும் வெறும் இருக்கையும்தான். காக்காவைப் போன்றவர்களின் படம் வந்து நான் பார்த்ததில்லை. அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இரவு வேலையின் பெருமைக்குப் பாரிஸ் முதலாம் பாதையைச் சொல்வேன். அது 1900 இல் திறந்த பழைய மெட்ரோ, அந்நகரின் மிக நெரிசலான பாதைகளில் ஒன்று. பயணிகள் வந்து போய்க்கொண்டிருக்கும்போதே, இரவுகளில் நடைமேடைக்கு நடைமேடை கதவுகளைப் பொருத்தினார்கள். 2011 நவம்பரில் முதல் சாரதியில்லா ரயில்கள் பழைய ரயில்களுக்கு நடுவே ஓடத் தொடங்கின. 2012 முடிவில் முழுப் பாதையும் மாறியிருந்தது. நெரிசல் நேரத்தில் 85 விநாடிக்கு ஒரு ரயில் விட முடிகிறது. இதைக் காக்காவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அங்க ராவைக்கு எத்தன மணித்தியாலம் குடுத்த?"

வியாழன், கல்லடி

மழை. பகல் முழுக்கக் கல்லடியில் தெரிந்தவர் வீட்டில். பக்கத்து வீட்டு அக்கா டுபாயில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கிடைத்தால் மெட்ரோவில்தான் தேவாலயத்துக்கும், தங்கச்சிக்குப் பணம் அனுப்பவும் போவாராம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான பகுதியில் ஏறி, ஒலிபெருக்கியில் வரும் அரபும் ஆங்கிலமும் பிடிபடாத காலத்தில் நிலையங்களை விரல் விட்டு எண்ணி இறங்கியிருக்கிறார்.

"ஓட்ற ஆள் இல்லண்டு தெரியுமாக்கா அப்ப?"

"ஆர் பாத்த தம்பி? ஒரு நாள் நடுவழியில நிண்டிட்டு. அப்பதான் பக்கத்தில இருந்த பிள்ள சொன்ன, ஓட்ட ஒருவரும் இல்லண்டு. எனக்கு உசிரே போயிட்டு. பொறகு கூரையில இருந்து ஒரு ஆம்புளக் குரல் கேட்டிச்சு, பயப்பிடாதிங்க எண்டு. அது ரெக்கோட் இல்ல, ஆள் கதைக்கிற. எங்களப் பாத்துக்கொண்டு ஒராள் இருக்கார் எண்டு அப்ப விளங்கிற்று."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பார்க்கவும் பேசவும் முடியும் என்பதைக் கையேடுகளில் வாசித்திருக்கிறேன். அதனால் என்ன ஆகிறது என்பதை அக்கா சொன்னபோதுதான் பிடிபட்டது. அப்படி நின்ற ரயிலைப் பெரும்பாலும் தூரத்திலிருந்தே மீண்டும் ஓட்டிவிடுவார்கள். முடியாவிட்டால் ஊழியர் ஒருவர் ஏறி, முன்பக்கத்தில் மூடிப் பூட்டியிருக்கும் பலகையைத் திறந்து கையால் மெதுவாக ஓட்டி வருவார். சாரதிக்கான கருவிகள் அங்கே இருக்கத்தான் செய்கின்றன.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, இரட்டைக் கட்டணம் கொடுத்து கோல்ட் வகுப்பில் ஏறி முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் இருந்தாராம். "எவ்வளவு காலம் அதில போய் வந்த. முன்னுக்கு என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாக்கோணும் எண்டு ஆசை." பெரிய கட்டடங்களுக்கு நடுவே தண்டவாளம் வளைந்து வளைந்து தன்னை நோக்கி வந்ததைக் கையை அசைத்துக் காட்டினார்.

வெள்ளி, கல்முனை வழியாக

பஸ்ஸில் தெற்கே. மட்டக்களப்போடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அம்பாறை மாவட்டத்தில் ஒரு நிலையம்கூட இல்லை. ஜும்ஆ நேரத்தில் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடைகள் பூட்டிக் கிடந்தன. நிந்தவூர் தாண்டும்போது மழை விட்டது. மாலை அக்கரைப்பற்று.

சனி, அக்கரைப்பற்று

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவரை அவருடைய வீட்டிலேயே சந்தித்தேன். ஒலுவில் வளாகம் பக்கம்தான், வார இறுதி என்பதால் வீட்டில் இருந்தார். அவருடைய மாமா ரியாத்தில் மெட்ரோப் பணிமனையில் இப்போதும் வேலை செய்கிறார். ஆறு பாதை, 176 கிலோமீற்றர், 85 நிலையம், எல்லாம் சாரதியில்லாமல். மாமாவை வட்ஸ்அப்பில் பிடிக்கப் பார்த்தோம். வேலையில் இருந்தார், பிறகு எடுப்பதாகச் செய்தி வந்தது.

தம்பிக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் பெரிய காதல். அதனால் அது தடுக்கிய இடங்களைத்தான் முதலில் கேட்டேன். தயங்காமல் கோலாலம்பூரைச் சொன்னார். 2021 மே 24 இரவு, கெலானா ஜெயா பாதையின் சுரங்கத்தில், 213 பயணிகளோடு வந்த சாரதியில்லா ரயிலும் ஒரு வெறும் ரயிலும் மோதின. 47 பேருக்குப் பலத்த காயம், மற்றவர்களுக்குச் சிறு காயம். அந்த வெறும் ரயிலைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தவர் தவறான திசையில் எடுத்துவிட்டார். கட்டுப்பாட்டு அறையின் அறிவு முழுவதும், எல்லா ரயிலும் தன்னோடு பேசிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பேச்சை விட்டு விலகிய ஒரு ரயிலைக் கையில் எடுக்கும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். தானியங்கிப் பாதையில் கையால் ஓட்டப் பழகுவதற்குத் தனியாக, திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும் என்பது தம்பியின் கட்சி. நானும் அந்தப் பக்கம்தான்.

நான் பதிலுக்குச் சிங்கப்பூர் வட்டப் பாதையின் கதையைச் சொன்னேன். எனக்கு மிகப் பிடித்த கதை. 2016 இல் அங்கே ரயில்கள் சமிக்ஞை அறுந்து திடீர் திடீரென்று நின்றன. ஒரு நாள் இந்த ரயில், இன்னொரு நாள் அந்த ரயில். இடமும் வேறு, நேரமும் வேறு. எந்த ஒழுங்கும் தெரியவில்லை. நவம்பரில் அரசாங்கத்தின் தரவு ஆய்வாளர்கள் சிலரை அழைத்தார்கள். அவர்கள் நின்ற ரயில்களையெல்லாம் நேரம் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம் என்று ஒரு தாளில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் சாய்வான கோடுகளாக விழுந்தன. பாதையில் ஏதோ ஒன்று ரயிலின் வேகத்தில் நகர்ந்துகொண்டே, எதிரே வரும் ரயில்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் போகிறது! நின்ற ரயில்களில் பிழையே இல்லை. எதிர்ப் பாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு ரயிலின் கோளாறான கருவிதான் மற்றவற்றின் ரேடியோப் பேச்சைக் குழப்பியிருக்கிறது. அன்றைய பதிவுகளைப் புரட்டி அது எந்த ரயில் என்றும் கண்டுபிடித்தார்கள்: பி.வி.46. அதைச் சோதனைக்காக ஓட்டிப் பார்த்தபோது மற்ற ரயில்கள் அதே மாதிரி நின்றன.

தம்பி கொப்பியை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அந்தச் சாய்வுக் கோட்டைக் கீறிப் பார்த்தார். நிலையங்களைக் குறுக்கே எழுதியபோது சிங்கப்பூர்ப் பெயர்கள் நினைவுக்கு வரவில்லை. கெக்கிராவை, ஹபரணை, கல்ஓயா, மின்னேரியா என்று மட்டக்களப்புப் பாதையின் நிலையங்களை எழுதினார். அங்கிருந்துதான் பேச்சு யானைக்குத் திரும்பியது.

2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் மட்டக்களப்பு ரயில் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதியது. ஆறு யானைகள் செத்தன, ரயில் தடம்புரண்டது. அந்த இருட்டில் யானையைக் கண்ணால் கண்டு பிரேக் போடுவதென்றால் எந்தச் சாரதிக்கும் தூரம் போதாது. மெட்ரோ சாரதியில்லாமல் ஓட முடிவதற்கு முதற்காரணம், அதன் பாதைக்குள் மாடும் யானையும் மனிதரும் வர முடியாமல் சுரங்கம், மேம்பாலம், வேலி, கதவு என்று அடைத்து வைத்திருப்பதுதான். காட்டை அப்படி அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. ஆகவே மட்டக்களப்புப் பாதைக்குச் சாரதியில்லா ரயில் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது என் முடிவு. அங்கிருந்து எடுக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது: பாதையில் ஏதாவது இருக்கிறது என்று பாதையே கண்டுபிடித்து, ரயில் அங்கே வருவதற்கு முன் ரயிலுக்குச் சொல்வது.

இது கற்பனை இல்லை. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரையில், தண்டவாளத்தைக் கடக்கும் யானைகளுக்காகத் தமிழ்நாடு வனத்துறை 2024 பெப்ரவரியில் இப்படி ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. 12 கோபுரங்கள், அவற்றில் உடற்சூட்டைக் கொண்டு இருட்டிலும் பார்க்கும் கேமராக்கள். யானை பாதைப் பக்கம் வந்தால் கணினி அடையாளம் கண்டு எச்சரிக்கை அனுப்பும். ரயில் வேகத்தைக் குறைக்கும். தம்பி இறுதியாண்டு ஆய்வுக்கு இதையே எடுக்க ஆசைப்படுகிறார். கேமரா எத்தனை உயரத்தில், மின்சாரத்துக்குச் சூரியத் தகடு போதுமா, மாரி மழையில் என்ன ஆகும், குரங்கு கம்பியை அறுத்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் நிரம்ப எழுதியிருந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா அழைத்தார். பின்னால் பணிமனையின் வெள்ளை வெளிச்சம். மருமகன் திட்டத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மாமா கடைசி வரை கேட்டார்.

"கேமரா எல்லாம் நல்லம் மனே. ராவைக்கு ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சா எடுக்கிற ஆர்? எடுத்தா கோச்சிய நிப்பாட்டுறதுக்கு அவருக்கு அதிகாரம் இருக்கா? இஞ்ச எங்களுக்கு மொதல்ல சொல்லித் தந்த அதுதான். அத எழுதிட்டுக் கேமராவ எழுது."

தம்பி கொப்பியில் புதுப்பக்கம் புரட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர், வனஜீவராசிகள் அலுவலகம், என்ஜின் சாரதி என்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். டேப்லட் கையில் கொடுத்த பிறகு நடுவழியில் போய்க்கொண்டிருக்கும் வண்டிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் எப்படிச் சொல்வார் என்று என்னிடம் கேட்டார். அதிலிருந்து தொடங்கி பதினொரு மணி வரை பேசினோம். மாமாவும் இடையிடையே வேலைக்குப் போய்விட்டு வந்து அழைப்பில் சேர்ந்துகொண்டார்.